மனசு ஒட்டாமல் வரையலாமா?



இந்த வாரம் ஒரு கேள்வியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கேள்வி என்னுடையது இல்லை, என் தங்கையுடையது. அவள் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன வருஷம் ஆடி மாதம் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி, "அண்ணே, மனசே ஒட்டாம ஒரு படம் வரைஞ்சா அது பொய்தானே?" என்று கேட்டாள்.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். மறுநாள் காலையில் ஒரு ரிலீஸ் இருந்தது. "தூங்கு பாப்பா, காலையில பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையில் பேசவில்லை. அடுத்த வாரம் அம்மா போன் பண்ணி, "அவ படிப்பை நிறுத்தப் போறேங்கிறாளே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கொஞ்சம் முன்கதை சொல்லணும். எங்க அப்பா டெய்லர். பழனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை. பாப்பா ஓவியம் படிக்கப் போறேன்னு சொன்னப்ப அப்பாவுக்கு இஷ்டமில்லை. "படம் வரையறதுக்கு எதுக்கும்மா நாலு வருஷம்?" என்று கேட்டார். நான்தான் மல்லுக்கட்டி, "ஃபீஸ் நான் கட்டறேன்ப்பா" என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். அதனால் அவள் நிறுத்துகிறாள் என்றால் அது எனக்கும் விழுகிற அடி.

அந்த வாரக் கடைசியில் நேரில் போய் உட்கார்ந்து கேட்டேன். முதல் வருஷம் அவளுக்கு வரைவது தானாக வந்ததாம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் போட்டு வரைவாளாம். இப்போது மூன்று மாதமாக ஒன்றுமே வரவில்லை. கூடப் படிக்கிறவர்கள் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய் ஸ்கெட்ச் பண்ணிவிட்டு முகம் மலர்ந்து திரும்புகிறார்கள். இவளும் போகிறாள், வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வகுப்புக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் எப்படியோ முடித்துக் கொடுக்கிறாள். மார்க்கும் வருகிறது.

"அதுதான் அண்ணே எனக்குக் கூச்சமா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லாம வரைஞ்சதுக்கு மார்க் போடறாங்க. உங்க காசையும் வீணாக்கறேன். வராததை வந்த மாதிரி வரைஞ்சா அது நடிப்புதானே?"

இதைப் படிக்கிற பலருக்கும் இந்தக் கேள்வி வேறொரு உருவத்தில் தெரிந்திருக்கும். பாராயணம் பண்ணும்போது வாய் வரிகளைச் சொல்லிக்கொண்டே போகும், மனசு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும். அது பாராயணமா? மனசு ஒட்டாமல் செய்கிற நல்ல காரியம் நல்ல காரியம்தானா, இல்லை, ஒட்டும் வரைக்கும் காத்திருக்கணுமா?

நான் அன்றைக்கு ஒரு இன்ஜினியர் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன். "மனசை நம்பாதே பாப்பா, பழக்கத்தை நம்பு. தினமும் உட்காரு. வரவேண்டியது தானா வரும்." ஆதாரத்துக்கு வான்கோ கதையையும் சொன்னேன்.

வின்சென்ட் வான்கோ ஓவியனாவது என்று முடிவெடுத்தது 1880-ல். அப்போது அவருக்கு 27 வயசு, ஏறக்குறைய என் வயசு. அதற்கு முன் ஓவிய வியாபாரம் செய்யும் கடையில் வேலை பார்த்தார், அது போயிற்று. பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே மதபோதகராக இருந்தார், அதுவும் போயிற்று. கையில் ஒன்றுமில்லாத நிலையில் அந்தச் சுரங்க ஊரில் உட்கார்ந்து அவர் செய்த காரியம், ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் மாணவர்களுக்காகப் போட்ட பயிற்சிப் படங்களைப் பார்த்து வரைந்ததுதான். நம்ம ஊர் இரட்டைவரி நோட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கரியில் வரையும் பயிற்சி மட்டும் 60 தாள். முழுத் தொகுதியையும் ஒருமுறை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வரைந்திருக்கிறார். அதிலிருந்து பத்தே வருஷத்தில் சுமார் 850 ஓவியங்கள், ஆயிரத்துக்கும் மேல் கோட்டோவியங்கள்.

"பார்த்தியா, அவரு மூட் வரட்டும்னு காத்திருக்கல" என்றேன். ஒரு திட்டமும் போட்டுக் கொடுத்தேன். ஒரு மண்டலம், 48 நாள். தினமும் ஒரு கை வரையணும். கை வரைவதுதான் ரொம்பக் கஷ்டம் என்று அவளே சொல்லியிருந்தாள். கூகுள் ஷீட் ஒன்று திறந்து, வரைந்து முடித்தால் கட்டம் பச்சையாக மாறுகிற மாதிரி செட் பண்ணிக் கொடுத்தேன். எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

பாப்பா சொன்ன சொல் தவற மாட்டாள். ஒருநாள் விடாமல் 48 நாளும் வரைந்தாள். ஷீட் முழுக்கப் பச்சை. புரட்டாசியில் 48 படத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி: "48 கை வரைஞ்சாச்சு அண்ணே. யாரோட கையும் இல்ல."

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஓவியம் தெரியாத எனக்கே புரிந்தது. முதல் பத்து படத்தில் கை கொஞ்சம் தடுமாறுகிறது. அதற்குப் பிறகு வந்த எல்லாம் ஒரே கை. அதே விரல், அதே மடிப்பு, அதே நிழல். நாற்பத்தெட்டாவது கையை நாலு நிமிஷத்தில் முடித்தாளாம்.

எனக்கு என் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. புரோகிராம் எழுதினால் அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க இன்னொரு புரோகிராம் எழுதுவோம். கோடில் எத்தனை சதவீதம் சோதனைக்குள் வந்திருக்கிறது என்பதற்குப் பேர் கவரேஜ். 90 சதவீதம் வரணும் என்று மேலிருந்து சொல்வார்கள். நாங்களும் ராவோடு ராவாக எழுதி 90 கொண்டுவந்துவிடுவோம். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி டெஸ்ட் எதையுமே சோதிக்காது. ஃபங்ஷனைக் கூப்பிடும், ரிசல்ட் சரியா தப்பா என்று பார்க்காமலே பாஸ் என்று சொல்லிவிடும். நான் என் தங்கையைச் செய்ய வைத்ததும் அதையேதான்.

ஆக, மனசு வரட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. பழக்கத்தை நம்பி 48 நாள் வரைந்தாள், அப்போதும் ஒன்றும் வரவில்லை. எனக்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வழி காட்டியது அவளுடைய ஆசிரியர் ஒருவர். அவரிடம் அந்த 48 கையையும் காட்டியிருக்கிறாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல எந்தக் கையை நீ பார்த்தே?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. முதல் சில நாள் தன் இடது கையை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தாள். பிறகு அது தேவைப்படவில்லை. கை எப்படி இருக்கும் என்றுதான் தெரியுமே!

அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். அமெரிக்காவில் கிமோன் நிக்கோலைடஸ் என்று ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். அவர் இறந்தபின் 1941-ல் வெளிவந்த பாடப் புத்தகத்தின் முதல் பயிற்சி அது. தாளைப் பார்க்கக் கூடாது. வரையப்போகிற பொருளை மட்டும் பார்க்கணும். அதன் விளிம்பில் ஓர் இடத்தில் கண்ணை வைக்கணும். பென்சில் முனை தாளில் இல்லை, அந்தப் பொருளின் மேலேயே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளணும். பிறகு கண் எறும்பு மாதிரி அந்த விளிம்பிலேயே மெதுவாக ஊர்ந்து போகணும். கண் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் பென்சிலும் போகணும். முடிக்கும்போது படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அழகான படம் வரணும் என்பது இந்தப் பயிற்சியின் நோக்கம் கிடையாது.

ஏன் இப்படி? நம் தலைக்குள் எல்லாவற்றுக்கும் ஒரு ரெடிமேட் படம் இருக்கிறது. கண் என்றால் பாதாம் வடிவம், மரம் என்றால் தண்டுக்கு மேலே மேகம். வரைய உட்கார்ந்தால் கை அந்த ரெடிமேட் படத்தைத்தான் போடும். எதிரே இருக்கிறதைப் பார்க்கவே விடாது.

நம்ம முருகனையே எடுத்துக்கொள்ளுங்களேன். கண்ணை மூடி நினைத்தால் நம்மில் பலருக்கும் வருவது காலண்டரில் பார்த்த அந்தச் சிரிச்ச முகம்தான். ஆனால் பழனியில் தண்டைப் பிடித்த ஆண்டிக் கோலம். திருப்பரங்குன்றத்தில் தெய்வானையோடு அமர்ந்த திருமணக் கோலம். திருச்செந்தூரில் நின்ற கோலம். ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று பார்த்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்கு வரைந்த சில்பி, நாமக்கல்லில் பிறந்த பி.எம்.சீனிவாசன், கோயில் கோயிலாகப் போய், நேரில் உட்கார்ந்து பார்த்து வரைந்தவர். அவர் படத்தில் அந்த ஊர் மூர்த்தி அந்த ஊர் மூர்த்தியாகவே இருப்பார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துத் தேறிய கை அது, மனசிலிருந்தே ஆயிரம் உருவம் போட்டுத் தள்ளியிருக்கும். இருந்தும் அவர் நேரில் போனார்.

என் தொழிலிலும் இது உண்டு. ஒரு பிழை கிடைக்காமல் ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வேன். கடைசியில் பார்த்தால் அது கண் முன்னாலேயே இருந்திருக்கும். அந்த வரியை நூறு தடவை படித்திருப்பேன், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்க மாட்டேன், நான் என்ன எழுதினதாக நினைத்தேனோ அதைத்தான் படித்திருப்பேன்.

தீபாவளிக்கு நானும் அவளும் ஊருக்குப் போனோம். டெய்லர் வீட்டில் தீபாவளி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எல்லார் வீட்டுக்கும் புதுத்துணி போய்ச் சேரும் வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அப்பா கடையிலேயே கிடந்தார். ராத்திரி நான் சாப்பாடு கொண்டுபோனபோது பாப்பா கடையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. கண் முழுக்க அப்பா கையில். தாளைப் பார்க்கவே இல்லை. அப்பா பாட்டுக்குத் துணியில் சாக்பீஸ் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அரைமணி நேரம் கழித்து அவள் நிமிர்ந்து, "அப்பா, உங்க இடது ஆள்காட்டி விரல் நகம் ஏன் நடுவுல கோடு விட்டிருக்கு?" என்று கேட்டாள்.

அப்பா கத்தரியை வைக்காமலே சொன்னார். "அதுவா? பத்தொன்பது வயசுல மெஷின் ஊசி உள்ள இறங்கி அந்தப் பக்கம் வந்திருச்சு. அப்பவும் தீபாவளி சீசன்தான். மண்ணெண்ணெய் தொட்டு, துணியைச் சுத்திக்கிட்டுத் தைச்சேன். அதுக்கப்புறம் நகம் பிளந்துதான் முளைக்குது. எல்லா டெய்லருக்கும் இருக்கும், விடு."

நான் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டியது, கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது. இருபத்தேழு வருஷம் அந்தக் கையோடு வாழ்ந்திருக்கிறேன். அந்த நகத்தை நான் பார்த்ததே இல்லை.

படத்தை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் தாளுக்கு வெளியே போயிருந்தது. மணிக்கட்டு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். கோடு நடுங்குகிறது. ஆனால் கத்தரியின் வளையம் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம் தெரிந்தது. பிளந்த நகம் தெரிந்தது. அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "விரலெல்லாம் எங்கெங்கயோ போகுது" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என் கைதான் இது" என்றார். அவள் படிப்பைப் பற்றி மூன்று வருஷத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அன்றைக்கு ராத்திரி அப்பா இன்னொன்றும் சொன்னார். தாளைப் பார்க்காமல் எப்படி வரைகிறாய் என்று அவர் கேட்டதற்குப் பாப்பா அந்தப் பயிற்சியை விளக்கினாள். அப்பா, "இதுல என்ன அதிசயம்? எனக்கு வேலை கத்துக்கொடுத்தவரும் அதான் சொன்னாரு. கத்தரியைப் பார்த்து வெட்டினா துணி கோணிரும். கோட்டைப் பார்த்துக்கிட்டே போ, கத்தரி தானா பின்னாடி வரும்னு" என்றார். உடனே, "ஆனா அந்தக் கத்தரியை என் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் காஜா மட்டும் எடுக்க வெச்சாரு. கை பழகலேன்னா கண்ணு பார்த்து என்ன பண்ண?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் தேடிக்கொண்டிருந்த பதில் அந்த இரண்டு வாக்கியத்திலும் இருந்தது.

பழக்கம் வேண்டும். அந்த 48 நாள் முழுக்க வீண் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். காஜா எடுத்த மாதிரி அது கையைத் தயார் பண்ணியது. ஆனால் பழக்கம் கையைத்தான் தயார் பண்ணும். பார்ப்பதை அது நமக்காகச் செய்து தராது, அதைத் தினமும் புதுசாக நாம்தான் செய்யணும்.

பாப்பாவின் கேள்விக்கும் இப்போது பதில் சொல்ல முடிகிறது. மனசு ஒட்டாமல் வரைந்தால் அது பொய்யா? பொய் இல்லை. பார்க்காமலே பார்த்த மாதிரி வரைந்தால்தான் பொய். சந்தோஷமோ உருக்கமோ உள்ளே இல்லாத நாளிலும் ஒரு மனுஷனின் கையை நேர்மையாகப் பார்க்க முடியும். "எனக்கு இன்னிக்கு என்ன தோணுது?" என்று கேட்டுக்கொண்டிருந்த மூன்று மாதமும் அவள் தன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு எத்தனையாவது நாள்?" என்று எண்ணிய 48 நாளும் அப்படித்தான். எதிரே இருந்தது இரண்டு தடவையும் காத்துக்கொண்டே இருந்தது. உத்வேகம் உள்ளேயிருந்து ஊறும் என்று நினைத்திருந்தோம். அன்றைக்குக் கடையில் அது அப்பாவின் பிளந்த நகத்திலிருந்து வந்தது.

வான்கோ கதையில் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. எனக்கே பிறகுதான் தெரியும். 1890-ல், அவருடைய வாழ்க்கையின் கடைசி மாதங்களில், தம்பி தியோவுக்கு எழுதும்போது அந்தப் பழைய 60 தாள் கரிப் பயிற்சியை மறுபடியும் கேட்கிறார். எல்லாவற்றையும் திரும்ப வரையணும் என்கிறார். நட்சத்திர இரவு ஓவியத்தை வரைந்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவ்வளவும் வரைந்துவிட்ட ஆளுக்கு ஆரம்பப் பாட நோட்டு எதற்கு? முன்பு இதைக் கேட்டிருந்தால் "டிசிப்ளின்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இப்போது, தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்த இடத்தில் பார்ப்பது நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜப்பானில் ஹொகுசாய் என்றொரு ஓவியர், 1760-ல் பிறந்தவர். பெரிய அலை ஒன்று எழும்பி நிற்க, தூரத்தில் சின்னதாக ஒரு மலை தெரியுமே, அந்தப் படத்தை வரைந்தவர். எண்பது தாண்டிய வயதில், 1842-43 வாக்கில், தீமை அண்டாமல் இருக்க தினமும் ஒரு சிங்கம் வரைகிற வழக்கம் வைத்திருந்தார். நம்ம ஊரில் வாசலில் கோலம் போடுகிற மாதிரிதான். அதுவும் எண்ணிக்கைதானே என்று தோன்றும். அந்தச் சிங்கங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று ஆடும், ஒன்று சோம்பிக் கிடக்கும். தினமும் வரைந்தும் அவர் ஒரே சிங்கத்தை வரையவில்லை.

பாப்பா படிப்பை நிறுத்தவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். இப்போதும் வெறும் தாளோடு திரும்பி வருகிற நாள் உண்டு. ஷீட்டை அவள் அழித்துவிட்டாள். அதற்குப் பதிலாக நோட்டின் ஓரத்தில், நேற்று கண்ணில் படாமல் இன்றைக்குப் பட்டது எது என்று ஒரு வரி எழுதுகிறாள். போன வாரம் எழுதியிருந்தது: "டீக்கடை அண்ணன் ஆத்தும்போது கிளாஸைப் பார்க்கறதில்ல, வர்றவங்க முகத்தைப் பார்க்கறாரு."

நான் என்ன மாறினேன்? கவரேஜுக்காக டெஸ்ட் எழுதுவதைக் குறைத்திருக்கிறேன். இன்னும் முழுசாக விடவில்லை. ஊருக்குப் போனால் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பா கடையில் உட்காருகிறேன்.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வரையத் தெரியணும் என்று அவசியமில்லை. இன்றைக்கு உங்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய கையை ஐந்து நிமிஷம் பாருங்கள். அம்மாவாக இருக்கலாம், வீட்டுக்காரராக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம். இதுவரை தெரியாத ஏதாவது ஒன்று தெரிந்தால், அதைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள்.

வேலும் மயிலும் துணை.